சுட்டுவிரலின் சொந்தத் தசை

ஜனவரி 9

சிணுங்கிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பதினேழு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. பதினெட்டாவது தடவை உன் மனைவி எடுத்து, "அண்ணி, பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. பேசமாட்டேன்னு தலையாட்டுறாரு" என்றாள். நாற்பத்தாறு வயது ஆளுக்கு இது அழகா? சரி, காகிதத்தை எடுத்துவிட்டேன். காகிதத்திடம் தலையாட்டிப் பார்.

நடந்ததை அவள் சொன்னாள். டிசம்பர் இருபதாம் தேதி நீ துணி வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தரி மூடியது, திறக்கவில்லை. கத்தரியில் கோளாறு என்று எண்ணெய் விட்டாயாம். பிறகுதான் கோளாறு உன் வலது கட்டைவிரலில் என்று தெரிந்ததாம். அடி இல்லை, வெட்டு இல்லை, விரல் மட்டும் தொங்கிவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு வாரம் ஒருவரிடமும் காட்டவில்லை. போன வாரம் டாக்டர் ஆப்பரேஷன் என்று சொல்ல ஆரம்பித்ததும் எழுந்து வந்துவிட்டாய். ஃபைலைக்கூட அங்கேயே விட்டுவிட்டாயாம்.

இருபத்துநாலு வருடமாக ஆஸ்பத்திரியில் கையைத் தவிர வேறெதையும் தொடாத பிசியோதெரபிஸ்ட் நான். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் விரலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். கூடப் பிறந்தவன் விரலைப் பற்றி மட்டும் இன்னொருத்தர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

டாக்டர் சொல்ல வந்ததை நான் சொல்கிறேன். அக்டோபரில் நீ ஸ்டூலிலிருந்து விழுந்தபோது மணிக்கட்டு எலும்பில் மெல்லிய விரிசல் விட்டது இல்லையா? அந்த எலும்பின் முதுகில் ஒரு சின்ன மேடு உண்டு. கட்டைவிரலைத் தூக்கும் தசைநார் அந்த மேட்டைச் சுற்றித் திரும்பித்தான் விரலுக்குப் போகிறது. விரிசல் விட்ட இடத்தில் அது வீங்கும், உரசும், நையும். சில பேருக்கு ஒருநாள் அறுந்துவிடும். அறுந்த முனைகள் சுருங்கி ஆளுக்கொரு பக்கம் போய்விடுவதால் சேர்த்துத் தைக்க முடியாது. எனவே பக்கத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து இணைப்பார்கள். அந்த ஒன்று சுட்டுவிரலுடையது.

உடனே குதிக்காதே. சுட்டுவிரலைத் தூக்க இரண்டு தசை இருக்கிறது. ஒன்று நாலு விரலுக்கும் பொது. இன்னொன்று சுட்டுவிரலுக்கு மட்டும். முன்கையின் பின்பக்கம், ஆழத்தில், மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே தொடங்குகிற ஒரு குட்டித் தசை. புத்தகத்தில் எக்ஸ்டென்சர் இண்டிசிஸ் என்று பெரிய பெயர், ஆள் என்னவோ பென்சில் தடிமன்தான். அதன் நாரை எடுத்தாலும் பொதுத் தசை சுட்டுவிரலைத் தூக்கும்.

இன்னும் ஒரு மாதத்துக்குள் செய்துவிட வேண்டும். அறுந்த தசை நாளாக நாளாகச் சுருங்கும். ஃபைலை முதலில் போய் எடு.

அக்கா


ஜனவரி 16

அக்காவுக்கு,

(அண்ணி, எழுதுவது நான். பேனா இவர் கையில் நிற்கவில்லை. இவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அடைப்புக்குள் இருப்பது மட்டும் என்னுடையது.)

போனில் நீ என்னைப் பேச விட்டதே கிடையாது. நான் "அக்கா" என்று ஆரம்பிப்பதற்குள் நீ பதிலை முடித்திருப்பாய். கடிதத்தில் நடுவில் புகுந்து பேச முடியாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. எனக்கு இது வசதியாகவே இருக்கிறது.

டாக்டர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. கட்டைவிரல் நரம்பு அறுந்துவிட்டது, அதனால் சுட்டுவிரல் நரம்பையும் அறுக்கிறேன் என்கிறார். ஒரு சட்டையில் பாக்கெட் கிழிந்தால் காலரை வெட்டி ஒட்டுவோமா? இருபத்தைந்து வருடம் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன், இப்படி ஒரு வேலையை நான் செய்திருந்தால் கடைவாசலில் நிற்க வைத்திருப்பார்கள்.

நீ எங்கள் தளத்தைப் பார்த்ததில்லை. முப்பத்துநாலு மெஷின். பள்ளிச் சீருடை தைக்கிற காலத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். பக்கத்தில் நிற்பவன் தும்மினால்கூடக் கேட்காது. அங்கே வாய்க்கு வேலையே இல்லை, விரல்தான் பேசும். வெட்டும் மேசை மேடைமேல் இருக்கிறது. அங்கிருந்து நான் சுட்டுவிரலை மட்டும் தூக்கினால் வெட்டிய சட்டைக்கைக் கட்டுகள் தைக்கிற வரிசைக்குப் போகும். சுண்டுவிரல் என்றால் காலர். கட்டைவிரல் என்றால் எல்லா மெஷினும் நிற்க வேண்டும், துணியில் கோளாறு என்று அர்த்தம். இந்த ஏற்பாடு நான் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறது. சுட்டுவிரலையும் கொடுத்துவிட்டு அங்கே போய்க் கும்பிட்டுக்கொண்டு நிற்கவா?

ஏப்ரலில் சீருடை வேலை ஆரம்பிக்கிறது. அதற்குள் நான் நிற்கவில்லை என்றால் வேறு மாஸ்டர் வருவார் என்று முதலாளி சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார்.

(கட்டைவிரலை ரப்பர் போட்டு மணிக்கட்டோடு இழுத்துக் கட்டி வெட்டிப் பார்த்தார், அண்ணி. நாலு சட்டை பாழ்.)

அதை எழுதச் சொல்லவில்லை. எழுதிவிட்டாள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ சொன்னதைக் கேட்டுத்தான் இந்தக் கதி. இரண்டாவது தடவையும் கேட்க வேண்டுமா என்று யோசிக்கிறேன்.

தம்பி


ஜனவரி 21

சிணுங்கிக்கு,

முதலில், அது நரம்பு இல்லை. தசைநார். நரம்பு செய்தி கொண்டுபோவது, தசைநார் இழுப்பது. ஒரு நாளைக்கு இருபது பேர் என்னிடம் "நரம்பு அறுந்துடுச்சு" என்கிறார்கள், இருபது பேருக்கும் பொறுமையாகச் சொல்கிறேன். உனக்குச் சொல்லப் பொறுமை இல்லை.

இரண்டாவது, காலர் கதை. உன் சட்டைக்குக் காலர் ஒன்றுதான். சுட்டுவிரலுக்கு நார் இரண்டு என்று எழுதினேனே, அதைப் படித்தாயா, இல்லை அந்தப் பக்கம் வரும்போது அவளைத் தாண்டிப் படிக்கச் சொன்னாயா? இடது கையை எடு. எல்லா விரலையும் மடக்கி முஷ்டி பிடி. இப்போது மோதிரவிரலை மட்டும் தூக்கு. பாதிகூட வராது, ஏனென்றால் அதற்குச் சொந்தத் தசை கிடையாது. சுட்டுவிரலை மட்டும் தூக்கு. வருகிறதா? அந்தக் குட்டித் தசைதான் தூக்குகிறது. இயற்கை அந்த விரலுக்கு உபரியாகக் கொடுத்ததைத்தான் டாக்டர் கேட்கிறார். எடுத்த பிறகும் பெரும்பாலானவர்களுக்குச் சுட்டுவிரல் தனியாக எழும், கொஞ்சம் சோம்பலாக எழும், அவ்வளவுதான். உன் சட்டைக்கைக் கட்டுகள் அரை நொடி தாமதமாகப் போகட்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்துவிட மாட்டார்கள்.

கட்டைவிரலைத் தூக்காமல் நீ கத்தரியைத் திறப்பது எப்படி, அதைச் சொல். ரப்பர் போட்டானாம் ரப்பர்!

மூன்றாவது. நான் என்ன சொல்லி என்ன கேட்டாய்? எந்தக் கதி? எதையும் நேராகச் சொல்லாமல் மூலையில் ஒரு வரி போட்டுவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது உன் சின்ன வயதுப் பழக்கம். சொல்ல இருந்தால் சொல்லித் தொலை.

அக்கா


ஜனவரி 27

அக்காவுக்கு,

இதை நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். அவள் எழுத வேண்டாம் என்று தோன்றியது.

நவம்பர் பதினெட்டு. மாவுக்கட்டுப் பிரித்து எட்டு நாள். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் உனக்குப் போன் செய்தேன். "அக்கா, கட்டைவிரலைத் தூக்கும்போது மணிக்கட்டுக்குப் பின்னாடி நறநறன்னு இருக்கு, வலிக்குது" என்றேன். நீ சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "ஆரம்பிச்சிட்டியாடா சிணுங்கலை? எலும்பு ஒட்டினா அப்படித்தான் இருக்கும். ஒண்ணும் இல்ல, போய் வேலையைப் பாரு."

போய் வேலையைப் பார்த்தேன். முப்பத்திரண்டு நாள் பார்த்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் நறநறத்தது. வேறு டாக்டரிடம் காட்டலாமா என்று அவள் கேட்டபோதெல்லாம், "எங்கக்காவைவிடவா?" என்று நான்தான் அதட்டினேன்.

டாக்டர் என்ன கேட்டார் தெரியுமா? "அறுந்து போறதுக்கு முன்னாடி அந்த இடத்துல நறநறன்னு ஏதாவது இருந்துச்சா?" அதற்குப் பிறகுதான் எழுந்து வந்தேன். ஆப்பரேஷனுக்குப் பயந்து இல்லை.

நீ கேட்டாய், சொல்லித் தொலைத்துவிட்டேன்.

பிப்ரவரி எட்டுக்குத் தேதி வாங்கியிருக்கிறேன். நீ சொன்னதால் இல்லை. நேற்று ஒரு பாக்கெட் வெட்ட உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஆனது. முடியவில்லை.

தம்பி


பிப்ரவரி 2

தம்பி,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன். ஒன்றில், அன்று எனக்கு வரிசையாக நோயாளிகள் என்று எழுதியிருந்தேன். இன்னொன்றில், அப்போதே பார்த்திருந்தாலும் அறுந்திருக்கலாம் என்று எழுதியிருந்தேன். இரண்டும் உண்மைதான். இரண்டையும் படித்தபோது எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

யாரோ ஒரு ஆள் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குச் சொல்கிறேன். "வேலையை இப்பவே நிறுத்துங்க, கையை அசைக்காதீங்க, சாயங்காலத்துக்குள்ள வாங்க" என்றிருப்பேன். விரிசல் விட்ட மணிக்கட்டு, கட்டைவிரலைத் தூக்கினால் பின்பக்கம் நறநறப்பு. மாணவர்களுக்கு முதல் மாதத்தில் இதைப் பாடம் எடுக்கிறேன். பரீட்சையில் கேட்கிறேன். எழுதாதவர்களுக்கு மதிப்பெண் போடுவதில்லை. ஆனால் போனில் பேசியது நீ. உன் குரலைக் கேட்டதும் எனக்குக் காது பாதி மூடிக்கொள்கிறது. ஏழு வயதில் நீ வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போகாமல் இருந்ததிலிருந்து அப்படி.

தப்பு என்னுடையது. வேறு யாருடையதும் இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் கையில் விஷயம் இருக்கும்போது போய் என் வெட்கத்தைப் பற்றி எழுதுகிறேன் பார், அதுவும் எரிச்சல்தான்.

ஆப்பரேஷன் பற்றி. மூன்று சின்னக் கீறல். சுட்டுவிரல் மொழியில், அதாவது அடிக்கணுவில், இரண்டு நார் பக்கத்துப் பக்கத்தில் போகும். சுண்டுவிரல் பக்கம் இருப்பதுதான் குட்டித் தசையுடையது. அதை மொழியருகே வெட்டி, மணிக்கட்டு வழியாக இழுத்து, கட்டைவிரலின் நாரோடு கோத்துத் தைப்பார்கள். மூன்றரை வாரம் கட்டு. அதுவரை நீ கத்தரியைக் கண்ணால்கூடப் பார்க்காதே. எட்டாம் தேதி நான் வரட்டுமா?

அக்கா


மார்ச் 7

அக்காவுக்கு,

(அண்ணி, மறுபடி நான். எட்டாம் தேதி வர வேண்டாம் என்று நான் போனில் சொன்னது இவர் சொல்லச் சொன்னதால். மன்னித்துக்கொள்ளுங்கள்.)

வந்திருந்தால் ஆப்பரேஷன் அறைக்குள் போய் டாக்டருக்கே சொல்லிக் கொடுத்திருப்பாய். அதனால்தான் வேண்டாம் என்றேன். கோபம் போய்விட்டது என்று எழுதச் சொல்லமாட்டேன். பாதி போயிருக்கிறது.

மூன்று நாளுக்கு முன்பு கட்டுப் பிரித்தார்கள். இப்போது பிளாஸ்டிக் பட்டை ஒன்று. ஒரு நாளைக்கு ஐந்து தடவை அதைக் கழற்றிப் பயிற்சி. பயிற்சி என்றால் என்ன? மேசைமேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கட்டைவிரலைத் தூக்குவது. தூக்குகிறேன், தூக்குகிறேன், கண் பிதுங்குகிறது, தோள் எழுகிறது, புருவம் எழுகிறது, கட்டைவிரல் மட்டும் கட்டையாகவே கிடக்கிறது. இங்கே இருக்கிற பிசியோ அம்மா, "நல்லா நினைச்சுக்கோங்க சார், வரும்" என்கிறார். எத்தனை நினைப்பது? கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு நினைக்கவில்லை.

(அதுவும் இவர் எழுதச் சொன்னதுதான்.)

சுட்டுவிரலும் போச்சு, கட்டைவிரலும் வரவில்லை. வேறு மாஸ்டர் ஒருவர் நேற்று வந்து மேசையைப் பார்த்துவிட்டுப் போனாராம். என் கத்தரியை எடுத்துப் பார்த்தாராம். எனக்கு வயிறு எரிகிறது. ஒரு மனிதன் தன் விரலிடம் எழு என்றால் அது எழ வேண்டாமா?

தம்பி


மார்ச் 11

தம்பி,

ஐயோ, கட்டைவிரலைத் தூக்காதே!

கட்டைவிரலைத் தூக்கும் தசை செத்த வீடு. அங்கே எவ்வளவு கதவைத் தட்டினாலும் யாரும் வரமாட்டார்கள். கட்டைவிரலோடு இப்போது சேர்ந்திருப்பது சுட்டுவிரலின் தசை. ஆனால் அதற்கு இன்னும் அது தெரியாது. நாற்பத்தாறு வருடமாக "சுட்டுவிரலே, எழு" என்ற உத்தரவுக்கு மட்டும் பழகிய தசை. ஆகவே சுட்டுவிரலைத் தூக்கு. தூக்க நினைத்தால் கட்டைவிரல் எழும். அதைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, கொஞ்ச நாளில் மூளையே மேல்விலாசத்தை மாற்றிக்கொள்ளும்.

அந்த அம்மா இதைச் சொல்லியிருப்பாள். நிச்சயம் சொல்லியிருப்பாள். நீ கேட்டிருக்கமாட்டாய், "சார்" என்றதிலேயே மயங்கியிருப்பாய். முறைக்காதே, உன் மனைவியிடம் கேட்டுப் பார்.

முஷ்டியைத் தளர்வாக வை. எதிரே யாரையோ சுட்டிக்காட்டுவதாக நினைத்துக்கொள். முக்காதே. தோளைத் தொங்கவிடு. பத்துத் தடவை, பிறகு ஓய்வு. இருபது செய்தால் இரண்டு மடங்கு நன்மை என்று கணக்குப் போடாதே, வீங்கும். பட்டையைப் பயிற்சிக்குத் தவிர வேறெதற்கும் கழற்றாதே. இன்னும் மூன்று வாரத்துக்கு அந்தத் தளத்தின் பக்கம் போகாதே. போவாய் என்று எனக்குத் தெரியும். எழுதி வைக்கிறேன், நாளைக்கு யாரும் சொல்லவில்லை என்று ஆகிவிடக்கூடாது.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

தளத்துக்குப் போனேன். திட்டுவதை முதலில் முடித்துக்கொள், பிறகு மேலே படி.

உன் கடிதம் வந்ததும் நாலைந்து நாள் நீ சொன்னபடி செய்தேன். சுட்டுவிரலை நினைத்தால் சுட்டுவிரல்தான் லேசாக அசைந்தது. கட்டைவிரல் ஒரு நூல் அளவு துடித்தமாதிரி இருந்தது, துடிக்காதமாதிரியும் இருந்தது. புது மாஸ்டர் நேற்று முன்தினம் வேலைக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று போனேன். பட்டை வெயிலில் அரித்தது, கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மேடையில் போய் நின்றேன். முப்பத்துநாலு மெஷினும் ஓடுகின்றன. புது மாஸ்டர் நல்ல மனிதர், பெஞ்சை இழுத்துப் போட்டார். கீழே பார்க்கிறேன், மூன்றாவது வரிசையில் சட்டைக்கை தைக்கிற பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டுகள் எல்லாம் மேசையோரம் அடுக்கிக் கிடக்கின்றன. அவர் பாட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்ததே கோபம். கை நோவு, ஆப்பரேஷன், உன் கடிதம் எல்லாம் மறந்துபோய், கையை உயர்த்திச் சுட்டுவிரலைத் தூக்கினேன்.

மெஷின் நின்றது. ஒன்றில்லை, முப்பத்துநாலும். அப்படி ஒரு அமைதியை அந்தக் கட்டடத்தில் நான் கேட்டதில்லை. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். துணியில் என்ன கோளாறு என்று சூப்பர்வைசர் ஓடி வருகிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யாரு நிறுத்தச் சொன்னது?" என்று கத்தினேன். முன்வரிசையில் இருக்கிற அம்மா, "நீங்கதான் மாஸ்டர், கையைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். கட்டைவிரல் நின்றுகொண்டிருந்தது, அக்கா. நேராக, மேலே. யாரும் பிடித்துத் தூக்கவில்லை.

நான் அழுதேன். எல்லோர் முன்னாலும்தான். அவமானமாக இல்லை. அதற்குப் பிறகு சட்டைக்கை அனுப்ப எவ்வளவு முயன்றும் மெஷின்தான் நின்றது. மூன்றாவது தடவை சூப்பர்வைசர் என் தோளில் கைவைத்து வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டார்.

தம்பி

(அண்ணி, இதை இவர் மடித்துக் கொடுத்த பிறகு பின்பக்கத்தில் எழுதுகிறேன். அன்றிலிருந்து மணிக்கட்டில் வலி. முள் குத்துகிறமாதிரி, கட்டைவிரல் வரை ஓடுகிறது என்று நேற்று என்னிடம் வாய்தவறிச் சொன்னார். "அண்ணிக்கு எழுதலாங்க" என்றேன். "எழுதாதே. மறுபடி சிணுங்கறான்னு சொல்லுவா" என்றார். பயிற்சியையும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.)


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

என் கையெழுத்து. பேனா நிற்கிறது. இரண்டு வரிக்கு ஒருதரம் ஓய்வு.

நீ வந்துவிட்டு ஊர் திரும்பிப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தின் பின்பக்கத்தில் அவள் எழுதியதைப் படித்த அன்றே, யாரிடமும் கேட்காமல், பதினோரு மணி நேரம் ரயிலில் நின்றும் உட்கார்ந்தும் வந்தாய். நான் கதவைத் திறந்ததும் நலமா என்றுகூடக் கேட்கவில்லை. வாசலிலேயே "எங்க வலிக்குது, விரல வச்சுக் காட்டு" என்றாய். காட்டினேன். பையைக்கூடக் கீழே வைக்காமல் அந்த இடத்தை அமுக்கினாய். கட்டைவிரலைத் தூக்கச் சொன்னாய், மடக்கச் சொன்னாய், கண்ணை மூடச் சொன்னாய், பஞ்சால் தடவினாய். அந்த இருபது நிமிடத்தில் ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை. உன்னை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்குத்தான் பயம் வந்துவிட்டது, போச்சு, தையல் விட்டுவிட்டது என்று.

கடைசியில் பார்த்தால் பட்டை! அன்று தளத்திலிருந்து வந்ததும், ஆஸ்பத்திரிப் பட்டையின் நாடா தொளதொளவென்று இருந்ததால் அதைப் பிரித்து, இடது கையாலேயே மெஷினில் வைத்து, என் கைக்கு அளவாக நான் தைத்த நாடா. அதன் மடிப்புத் தையல் உள்பக்கம் வந்துவிட்டிருந்தது. அது சரியாக மணிக்கட்டு ஓரத்தில் ஓடுகிற நரம்பை அமுக்கிக்கொண்டிருந்தது. (இந்தத் தடவை நரம்புதான், நீயே சொன்னாய்.) இருபத்தைந்து வருடக் கட்டிங் மாஸ்டர், உடம்பில் உறுத்துகிறமாதிரி உள்ளே தையல் விட்டிருக்கிறேன். முதல் நாள் வேலைக்கு வருகிறவன்கூடச் செய்யமாட்டான். தளத்தில் யாரிடமும் சொல்லிவிடாதே, காலில் விழுகிறேன்.

நாடாவை வெளிப்பக்கம் திருப்பிவிட்டு, "ஒண்ணும் இல்லடா" என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு, மறுநாள் காலை ரயிலுக்குக் கிளம்பிவிட்டாய். லீவு போச்சு, தூக்கம் போச்சு, முதுகுவலி வேறு வாங்கிக்கொண்டு போயிருப்பாய். ஒன்றுமில்லாத ஒரு நாடாவுக்கா இவ்வளவு தூரம்? போனில் கேட்டிருந்தால் நானே கழற்றிப் பார்த்திருப்பேன். போன் எடுத்திருக்கமாட்டேன் என்பது வேறு விஷயம்.

வலி மறுநாளே போய்விட்டது. கட்டைவிரல் இப்போது நினைத்தால் எழுகிறது. சுட்டுவிரலைக் கேட்காமலே பாதித் தடவை எழுகிறது. நேற்று மெல்லிய துணியில் ஒற்றை அடுக்கு வெட்டினேன். கத்தரி திறந்தது. மூடியது. திறந்தது. புது மாஸ்டர் இந்தச் சீருடைக் காலம் முழுவதும் இருப்பாராம், நானும் இருக்கலாமாம், மேசையில் பாதி அவருக்கு. ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வது?

தம்பி


ஏப்ரல் 11

தம்பி,

ஒற்றை அடுக்கா? எட்டு வாரத்தில் யார் உனக்குக் கத்தரியை எடுக்கச் சொன்னது? எடுத்தது எடுத்துவிட்டாய், இன்னும் ஒரு மாதம் ஒற்றை அடுக்குக்கு மேல் போகாதே. கால்மணி நேரத்துக்கு ஒருமுறை கீழே வை. உனக்கு எழுதி எழுதி என் விரலுக்குத்தான் இனிமேல் வைத்தியம் பார்க்க வேண்டும்.

முதுகுவலி இருக்கிறது. உனக்கு எப்படித் தெரிந்தது?

ஒன்றுமில்லாததற்கு வந்தேன் என்று எழுதியிருக்கிறாய். ரயிலில் பதினோரு மணி நேரமும் நான் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். தையல் விட்டிருந்தால் என்ன செய்வது என்று இல்லை. அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். உனக்கு வலித்ததை நீ எனக்குச் சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாய், அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பல்லைக் கடிக்கக் கற்றுக்கொடுத்தது நான்.

ஒன்றும் இல்லை என்று நவம்பரில் உனக்குச் சொன்னேன், பார்க்காமல் சொன்னேன். இந்தத் தடவை வந்து, தொட்டு, பார்த்துவிட்டுச் சொன்னேன். அதைச் சொல்வதற்குத்தான் வந்தேன். எத்தனை தடவை கூப்பிட்டாலும் வருவேன், நாடாவுக்கும் வருவேன்.

வலித்தால் உடனே எழுது. எங்கே என்று எழுது.

அக்கா